பாஸ்புக்கில் ஏறாத பணம்

எங்கள் தொழிலில் பணத்தைக் கண்ணால் பார்ப்பது குறைவு. பணம் ஏன் வரவில்லை என்று சொல்வதுதான் நாள் முழுக்க வேலை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையை ஒட்டி இருக்கிற கம்ப்யூட்டர் சேவை மையத்தில் நான் உட்காருகிறேன். காலையில் மகளை யூகேஜியில் விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் ஏறுவேன். காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் தலை வாரி முடித்திருப்பேன். மண்ணச்சநல்லூர் பக்கத்துக் கிராமத்தில், அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். திரையில் வருகிற ஆங்கிலத்தைப் படித்து, அதைப் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி மாற்றிச் சொல்லத் தெரியும். அதற்குத்தான் சம்பளம்.

நீங்களும் எங்காவது இப்படி வரிசையில் நின்றிருப்பீர்கள். ‘பெண்டிங்’ என்று ஒரே ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு, பஸ் காசுக்குக் கணக்குப் பார்த்தபடி வீடு திரும்பியிருப்பீர்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளுக்கும் பல நாள் அந்த வார்த்தைக்கு மேல் ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எந்த பேங்க்?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் கேள்வி, “உங்களுக்கு எந்த பேங்க்?” என்பது. சுலபமான கேள்வி என்றுதான் நினைத்தேன். முதல் ஆளாக வந்த பூ விற்கிற அக்கா, கூடையைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, மாடிப்படி ஏறிப் போகணும், படிக்குக் கீழே செருப்புத் தைக்கிறவர் இருப்பார், உள்ளே போனால் ஏசி இருக்காது, ஃபேன்தான் என்று அடையாளம் சொன்னார். பேங்க் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். கிளை பெயரையாவது சொல்லுங்கள் என்றேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பேரு தெரிஞ்சு என்ன பண்றது பாப்பா, வழி தெரிஞ்சாப் போதாதா?”

ஒரு ரூபாய்

உதவித்தொகை அனுப்புவதற்கு முன்னால், சில திட்டங்களில் உங்கள் கணக்குக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பார்கள். அந்த ரூபாய் போய்ச் சேர்ந்ததும், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்ற தகவல் திரும்பி வரும். விண்ணப்பத்தில் இருக்கிற பெயரும் அதுவும் ஒன்றாக இருந்தால் பணம் வரும். வேறாக இருந்தால் ஃபைல் நின்றுவிடும். நின்றுவிட்டது என்று யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள்.

மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மழையில் அழுகிப்போன நெல்லுக்கு நிவாரணம் கேட்டு எழுதிப் போட்டவர். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். யாரோ தெரியாமல் தன் கணக்கில் ஒரு ரூபாய் போட்டுவிட்டார்களாம், அடுத்தவன் காசு நமக்கு எதற்கு, திருப்பிக் கொடுத்துவிடு என்றார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் என்பதால் எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். கூட்டுக் கணக்கு. நிலம் இவருடையது, கணக்கில் முதல் பெயர் இவருடைய அண்ணனுடையது. மூத்தவர் இருக்கும்போது தன் பெயரை முன்னால் போட மனசு வரவில்லை என்று, கணக்கு ஆரம்பித்த அன்றைக்கு இவரே அப்படி எழுதச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு ரூபாய் போய் அண்ணன் பெயரைத்தான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

தனிக் கணக்கு ஒன்று ஆரம்பித்து, அதன் நம்பரைக் கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். நாணயத்தை மறுபடியும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“பொண்ணு பார்த்துட்டுப் போறவங்ககூட, பிடிக்கலைன்னா நாலு நாள்ல சொல்லி அனுப்பிருவாங்கம்மா. இவங்க பார்த்துட்டுப் போயி ஆறு மாசம் ஆச்சு.”

வெற்றி

இனிமேல் சொல்லப்போவது ஜைத்தூன் அம்மாவைப் பற்றி. பெரிய கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் வீடு. கணவர் இறந்து பல வருஷம். மகன் குவைத்தில் டிரைவர். வீட்டில் ஜைத்தூன் அம்மா, மருமகள் ஷமீமா, நாலு வயதுப் பேரன், மூன்று பேர்தான். ஜைத்தூன் அம்மாவுக்கு மாதாமாதம் விதவை உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. ஏடிஎம் கார்டு ஷமீமாவிடம் இருக்கும். மாதம் பிறந்ததும் அவள்தான் போய் எடுத்து வந்து மாமியார் கையில் கொடுப்பாள். எட்டு மாதமாக வெறுங்கையோடு திரும்பி வந்து, “இன்னும் வரல மாமி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் வந்தார்கள். ஆதாரை ஜெராக்ஸ் எடுத்து வா என்று ஷமீமாவை வெளியே அனுப்பிவிட்டு, ஜைத்தூன் அம்மா மேஜைமேல் குனிந்து மெதுவாகக் கேட்டார், “வரலையா, வந்து எங்கயாச்சும் போவுதா? அதை மட்டும் பாரும்மா.” எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. பாஸ்புக்கைப் புரட்டினேன். என்ட்ரி போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சரியென்று உதவித்தொகைப் பக்கத்தைத் திறந்தேன். எட்டு மாதமும் வரிசையாக ஒரே வார்த்தை. அதற்குள் ஷமீமாவும் ஜெராக்ஸோடு வந்து பக்கத்தில் நின்றாள். நான் ஏதோ நல்ல செய்தி சொல்வது மாதிரி, சத்தமாக, “மாசாமாசம் பணம் போயிருக்கும்மா, எட்டு மாசமும் வெற்றின்னு காட்டுது” என்றேன்.

அரசாங்கத்திலிருந்து பணம் கிளம்பிவிட்டது, ஏதோ ஒரு கணக்கில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான் அந்த ‘வெற்றி’க்கு அர்த்தம். எந்தக் கணக்கு என்று அது சொல்லாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும், பின்னால் நாலு பேர் நிற்கிற அவசரத்தில், “பாஸ்புக்கை என்ட்ரி போட்டுட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டேன். ஷமீமாவின் முகம் சிறுத்துப் போனதைப் பார்த்தேன். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஜைத்தூன் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மருமகளைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துச் சொன்னார்.

“அமானிதமா, பத்திரமா வச்சிருப்பான்னு நம்பி ஒரு கார்டைக் கையில கொடுத்தேன். அல்லாஹ் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான்.”

தூங்கும் கணக்கு

அந்த வாரமே நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே மூச்சு முட்டுகிறது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு மாமி, காஸ் மானியம் வரவில்லை என்று வந்தார். ரொம்பச் சிக்கனமான மாமி. இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தக் கணக்கில் எதையும் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அதனால் பேங்க்கில் அதைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். “உங்க கணக்கு தூங்கிடுச்சு மாமி. ஆதார் ஜெராக்ஸும் போட்டோவும் கொடுத்து கேஒய்சி பண்ணினா முழிச்சுக்கும்” என்றேன்.

தொடாமல் வைத்ததற்குத் தண்டனையா என்று மாமிக்குக் கோபம். கேஒய்சி என்றால், நீங்கள் நீங்கள்தான் என்று மறுபடி நிரூபிப்பது என்றேன். மாமி கோபுரம் இருக்கிற திசையைக் காட்டினார்.

“எங்க பெருமாளும்தான் காலங்காலமா சயனிச்சுண்டிருக்கார். அவர்கிட்ட எவனாவது ஆதார் ஜெராக்ஸ் கேட்டானோ?”

ஓடிபி

பத்து நாள் கழித்து ஜைத்தூன் அம்மா தனியாக வந்தார். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டிருந்தது. திறந்து பார்த்தேன். எட்டு மாதமாக உள்ளே ஒரு பைசா வரவில்லை. வெளியே ஒரு பைசா போகவில்லை. “பாருங்கம்மா, உங்க மருமக எடுக்கவே இல்ல. எடுக்கறதுக்கு இதுல எதுவுமே வரல” என்றேன். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. “அப்ப வெற்றின்னு சொன்னியே, அது எங்க போச்சு? அவளுக்குப் போன்ல எல்லாம் தெரியும்மா. வேற வழியில எடுத்திருப்பா” என்றார். பிறகு, கேட்காமலே ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பார்த்திருக்கிறார். ஷமீமாவின் கைப்பையையும் அவள் எதிரிலேயே கட்டிலில் கொட்டிப் பார்த்திருக்கிறார். குவைத்துக்குப் போன் போட்டு மகனிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் ஷமீமா மகனைக் கூட்டிக்கொண்டு புத்தூரில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

எட்டு மாதப் பணம் வருமா வராதா என்பது போய், ஒரு வீட்டில் அடுப்பெரிவது நின்றுவிட்டது. நான் படித்துச் சொன்ன ஒரு வார்த்தையால்.

பார்க்க வேண்டிய இடம் ஒன்று பாக்கி இருந்தது. இந்த மாதிரி உதவித்தொகை பல நேரம் பாஸ்புக் நம்பரைப் பார்த்து வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த பேங்க்கை இணைத்தீர்களோ, அங்கே போய்விடும். எந்த பேங்க் இணைந்திருக்கிறது என்று பார்க்க, ஆதாரில் கொடுத்த போன் நம்பருக்கு ஓடிபி வரும். முதல் நாளே இதைப் பார்த்திருக்க வேண்டியவள் நான். நம்பரைக் கேட்டேன். ஜைத்தூன் அம்மா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். ஷமீமாவின் நம்பர். அவள் திருடவில்லை என்று காட்ட வேண்டுமானால் அவளிடமே போய் நிற்க வேண்டும்.

நான்தான் கூப்பிட்டேன். போனை ஸ்பீக்கரில் வைத்தேன். மூன்றாவது முறை எடுத்தாள். விஷயத்தைச் சொல்லி, இப்போது ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றேன். “நீங்கதானே அக்கா செவுத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க, ஓடிபியை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு” என்றாள். குத்துகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஆறு நம்பரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஜைத்தூன் அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வைக்கப் போகும்போது அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் குரல் வந்தது.

“மாமி காலையில சுகர் மாத்திரை போட்டாங்களான்னு கேளுங்கக்கா. நான் கேட்டேன்னு சொல்ல வேணாம்.”

இரண்டாவது தடவை விரல்

திரையில் வந்தது வேறு ஒரு பேங்க்கின் பெயர். கிளை, கட்டடம் எதுவும் இல்லாமல் போனிலேயே நடக்கிற வகை. இணைத்த தேதி, பணம் நின்றுபோன மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால். “இந்த பேங்க்ல எப்பம்மா கணக்கு ஆரம்பிச்சீங்க?” என்றேன். சத்தியமாக இல்லை என்றார். அந்தச் சமயத்தில் எங்கேயாவது விரல் வைத்தீர்களா என்று வேறு மாதிரிக் கேட்டேன். யோசித்தார். காந்தி மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் பெரிய குடையை விரித்து வைத்துக்கொண்டு சிம் கார்டு விற்றார்களாம். சிம் இலவசம், கூட ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் இலவசம். மகனோடு பேச ஆகும் என்று வாங்கியிருக்கிறார். மெஷினில் விரல் வைத்தார். சரியாக விழவில்லை என்று சொல்லி இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்களாம், வைத்திருக்கிறார். முதல் விரல் சிம்முக்கு. இரண்டாவது விரல், அவருக்கே தெரியாமல் இந்தக் கணக்கைத் திறந்து ஆதாரோடு இணைக்க என்று எட்டு மாதம் கழித்து இங்கே தெரிகிறது.

கைரேகையை வைத்து அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். எட்டு மாதப் பணமும் தொட ஆளில்லாமல் அப்படியே இருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, இருந்தாலும் வெகுநேரம் பார்த்தார். ஷமீமாவை நீயே கூப்பிட்டு வரச் சொல்லு, நீ சொன்னால் வருவாள் என்றார். என்னால் முடியாது, நீங்களே பேசுங்கள் என்று போனை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் நம்பரைப் போடச் சொல்லாமல், தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரேஷன் கடையில வைக்கிறேன், ஆஸ்பத்திரியில வைக்கிறேன், உன்கிட்ட வைக்கிறேன். காசு எந்த விரலுக்குப் பின்னால போவும்னு எனக்கு யாரும்மா சொன்னா?”

கார்டு

அன்றைக்கு அவர் பேசவில்லை. மறுநாள் புத்தூருக்கே போயிருக்கிறார். ஷமீமா என்ன சொன்னாள், யார் யார் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்கடுத்த நாள் இரண்டு பேரும் மையத்துக்கு வந்தார்கள். பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் பேரன், செருப்புக் காலை ஆட்டிக்கொண்டு. நான் முதலில் ஷமீமாவிடம் போய், “அன்னிக்கு முழுசாப் பார்க்காம நான் வாயைத் திறந்தது தப்பு” என்றேன். சரி என்கிற மாதிரித் தலையை அசைத்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

ஜைத்தூன் அம்மா விரல் வைத்தார், ஒரே நாளில் எடுக்க முடிந்த அளவுக்குப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆதார் இணைப்பைப் பழைய பேங்க்குக்கே மாற்றுவதற்கான ஃபாரத்தையும் எழுதிக் கொடுத்தேன். கிளையில் கொடுத்தால் மாறுவதற்குச் சில நாளாகும். அடுத்த மாதப் பணம் தப்பித் தவறி அந்தப் பக்கமே போனாலும் பயப்படாதீர்கள் என்றும் சொன்னேன். ஜைத்தூன் அம்மா நான் சொன்னது எதையும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. நோட்டுகளை அப்படியே கொண்டுபோய் ஷமீமாவின் மடியில் வைத்தார். “தப்பா நினைச்சுட்டேன். பொருந்திக்க” என்றார். எங்கள் பக்கத்தில் மன்னித்துக்கொள் என்போம். அவர்கள் வீடுகளில் நோன்புக்கு முன்னாலும், ஹஜ்ஜுக்குக் கிளம்பும்போதும், படுத்த படுக்கையிலும் இப்படித்தான் கேட்பார்களாம். கேட்டால் மறுக்கக் கூடாதாம்.

ஷமீமா நோட்டுகளை அடுக்கி மாமியார் கையிலேயே திருப்பி வைத்தாள். தன் கைப்பையைத் திறந்தாள். உள்ளே துழாவவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தவள் மாதிரி ஏடிஎம் கார்டை எடுத்து அந்த நோட்டுகளுக்கு மேல் வைத்தாள். மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகத்தான் எழுந்தாள், புத்தூருக்கு அல்ல, பெரிய கடைவீதிக்கு. குரலில் கோபம் இல்லை.

“பொருந்திக்கிட்டேன் மாமி. கார்டு இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும். பின் நம்பரையும் மாத்திக்குங்க.”

நானும் ஒன்று மாற்றிக்கொண்டேன்: இப்போதெல்லாம் திரையில் ‘வெற்றி’ என்று வந்தால், எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்களில் யார் யாருக்கு உறவு என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.